பையனுக்கு அம்மை, வீட்டில் கர்ப்பிணி: யார் எங்கே இருப்பது?

போன மாசியில் ஒரு சாயங்காலம் அண்ணன் மனைவி, எங்கள் மைனியிடமிருந்து போன். "தம்பி, சின்னவனுக்கு வயித்துல நாலஞ்சு முத்து கிடக்கு. அம்மைதான். இவனை எங்க அம்மா வீட்டுல கொண்டு விடட்டா? இல்ல ஆஸ்பத்திரியில சேக்கட்டா? மூத்தவளை அவ மாமியார் வீட்டுக்கு அனுப்பிரலாமுன்னு உங்க அண்ணன் சொல்லுதாரு."

மூத்தவள் ஏழு மாதக் கர்ப்பிணி. தலைப்பிரசவத்துக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. எங்கள் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார். 76 வயது, சர்க்கரை உண்டு. அண்ணன் திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர், மைனி அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிப்பருப்பு ஆலைக்குப் போகிறவர். பழைய ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, உள்ளே இரண்டு அறை, அடுக்களை, பின்னால் விறகும் தட்டுமுட்டுச் சாமான்களும் கிடக்கும் ஒரு சாய்ப்பு. கக்கூஸ் ஒன்றுதான், அதுவும் வெளியே.

மைனி கேட்டதைத்தான் நம் குமரி மாவட்டத்தில் எல்லா வீடுகளிலும் கேட்கிறார்கள். கொரோனா காலத்தில் எங்கள் பஞ்சாயத்தில் தனிமையில் இருந்த வீடுகளுக்கு அரிசி, மருந்து வாங்கிக் கொடுக்க அலைந்த சிலரில் நானும் ஒருவன். வீட்டிலேயே ஓர் அறையில் இருந்தவர்கள், பூட்டிக் கிடந்த வீட்டுக்குப் போனவர்கள், அரசு மையத்துக்குப் போனவர்கள் என்று எல்லாரையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதை வைத்தும், அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டதை வைத்தும் இந்த வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

எந்த நோய் என்பது முதலில் தெரிய வேண்டும். டெங்கு வந்தவரை அறையில் பூட்டி என்ன பயன்? அது கொசு வழியாகப் பரவுவது. காய்ச்சல் இருக்கும் நாட்களில் அவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வைத்து, முற்றத்தில் கிடக்கும் சிரட்டையையும் ரப்பர் மரத்தில் தொங்கும் கப்புகளையும் கவிழ்த்து வைத்தால் அதுதான் உண்மையான தடுப்பு. எலிக்காய்ச்சலும் அப்படித்தான், வீட்டில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வருவது மிக அபூர்வம். மறுபக்கம் நிபா. 2018-இல் கோழிக்கோட்டில் பரவியபோது பெரும்பாலானவர்களுக்கு மருத்துவமனைகளில், நோயாளிக்குப் பக்கத்தில் இருந்தபோதுதான் தொற்றியது. அந்தச் சந்தேகம் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கும் பேச்சே கிடையாது, தனி வார்டுதான். களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குத் தினமும் வேலைக்குப் போய் வரும் ஆயிரக்கணக்கானவர்கள் உள்ள மாவட்டம் இது. அங்கே ஒரு நோய் என்றால் இங்கேயும் காது கொடுக்கத்தான் வேண்டும்.

இந்த இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் இருப்பவைதான் வீட்டில் வைத்துப் பார்க்கும் நோய்கள்: சின்னம்மை, தட்டம்மை, கொரோனா, ஃப்ளூ, முண்டிவீக்கம் (பொன்னுக்குவீங்கி). ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்கு வேறு. சின்னம்மை, முத்து தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கி, கடைசி முத்தும் காய்ந்து பொருக்கு கட்டும்வரை பரவும். தட்டம்மை தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்து, தெரிந்து 4 நாள் வரை. அந்த நோயாளி இருந்துவிட்டுப் போன அறைக் காற்றில் 2 மணி நேரம்வரை கிருமி நிற்கும். லேசான கொரோனாவுக்கு 2022 ஜனவரியில் மத்திய அரசு சொன்ன கணக்கு, பரிசோதனையில் தெரிந்ததிலிருந்து 7 நாள், அதில் கடைசி மூன்று நாளும் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது.

நம் கிழவிகளுக்கு இதில் பாதி தெரிந்திருந்தது. வாசலில் வேப்பிலை சொருகியதும் அந்த வீட்டுக்கு வெளியாள் போகமாட்டார்கள், அங்கிருந்து யாரும் கல்யாண வீட்டுக்கு வரமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் விடும்வரை இதுதான் நடைமுறை. முத்தாரம்மன் கோவில் இல்லாத ஊரே அபூர்வமான நம் பக்கத்தில், தடுப்பூசி எட்டிப் பார்க்காத நாட்களில் எத்தனையோ பேரைக் காப்பாற்றிய வழக்கம் அது. அம்மை வந்தால் டாக்டரிடம் போகக்கூடாது என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சின்னம்மை நுரையீரல்வரை போகக்கூடியது. உடனே மருந்து தேவைப்படும்.

சொந்த வீட்டில் ஓர் அறை

பலருக்கும் இதுதான் சரியான வழி. சாப்பாடு வீட்டுச் சாப்பாடு, கூப்பிட்டால் ஆள் உண்டு, நோய் பஸ் ஏறி இன்னொரு ஊருக்குப் போவதில்லை. ஆனால் எந்த அறை என்பதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். நோயாளி என்றால் நல்ல அறை, அதாவது நடு அறை, என்று நினைப்பார்கள். நடு அறைக்கு இங்கே பல வீடுகளில் வெளி ஜன்னல் கிடையாது. அண்ணன் வீட்டில் அதைவிட ஒரு சங்கதி. இரண்டு அறைக்கும் இடையிலுள்ள சுவர் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போய் நின்றுவிடும். அதற்கு மேல் ஓடு வரைக்கும் திறந்து கிடக்கிறது. தட்டு (மச்சு) போடாத பழைய ஓட்டு வீடுகள் நிறைய இப்படித்தான். கதவைச் சாத்தினால் கண்ணுக்குத்தான் மறைவு. இருமல் சத்தம் அந்தப் பக்கம் கேட்கிற வழியாகவே காற்றும் போகிறது. சின்னம்மையும் தட்டம்மையும் கொரோனாவும் காற்றில் போகிறவை.

அதனால் நான் சொன்னது சாய்ப்பு. விறகை எடுத்து வெளியே போட்டோம். அதற்கு வீட்டோடு ஒட்டிய சுவர் முழுச்சுவர், விளையை (தோட்டத்தை) பார்த்து ஒரு ஜன்னல், பின்பக்கம் தனிக்கதவு. கான்கிரீட் வீடு என்றால் மாடி அறை இதே வேலையைச் செய்யும். ஜன்னலுக்கு எதிராக ஒரு மேசை மின்விசிறியை வெளியே பார்த்து வைத்தால் உள்காற்று விளைக்குத் தள்ளப்படும். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் இங்கே ஜன்னலைத் திறந்து வைப்பது கஷ்டம். அப்போது மேலே ஒரு தார்ப்பாயைச் சாய்வாகக் கட்டிவிட்டாவது திறந்து வைக்கத்தான் வேண்டும். கொசுவுக்கு வலை போடலாம். காற்றுக்கு மாற்று வழி இல்லை.

கக்கூஸ் ஒன்றுதான் என்றால் நோயாளி கடைசியாகப் போவது, போய்வந்ததும் கதவைத் திறந்தே வைப்பது, கொஞ்ச நேரம் கழித்துக் கழுவிவிடுவது. தட்டு, டம்ளரைத் தனியாக வைத்து சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். இதற்கு மேல் பாத்திரங்களைப் பற்றி அவ்வளவு பயப்பட ஒன்றுமில்லை. ஜன்னலை அடைத்து வைத்துக்கொண்டு பாத்திரத்தை வெந்நீரில் புழுங்க வைக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கவனத்தில் பாதி ஜன்னலுக்குப் போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பார்த்துக்கொள்கிறவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். யார் அந்த ஒருவர்? வழக்கமாக இது கேள்வியே ஆகாது, அம்மாதான். கொஞ்சம் பொறுங்கள், இந்த இடத்துக்குத் திரும்பி வருகிறேன்.

சொந்தக்காரர் வீடு, பூட்டிக் கிடக்கும் வீடு

மைனியின் முதல் யோசனை இது. அவர்கள் தாய்வீடு குளச்சல் பக்கம். அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும், போன இடத்தில் எண்பது வயதுக் கிழவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும். ஒரு வீட்டில் இருக்கும் நோயை இரண்டு வீட்டு நோயாக்க இதைவிடச் சுருக்கு வழி கிடையாது. ஆட்கள் வாழும் சொந்தக்காரர் வீடு என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஆளில்லாத வீடு வேறு விஷயம். மேற்குப் பகுதியில் வளைகுடாவில் வேலை செய்கிறவர்கள் கட்டிப் பூட்டிப் போட்ட வீடுகள் தெருவுக்கு ஒன்றாவது உண்டு. 2021 மே மாதத்தில் எங்கள் பக்கத்தில் கொரோனா வந்த ஒருவர் தம்பி வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு அப்படித்தான் போனார். ஐம்பது தாண்டியவர், வீட்டில் மனைவிக்கு ஆஸ்துமா, அவரிடமிருந்து விலகி இருந்தது நல்ல முடிவுதான். சாப்பாட்டை வாசல் படியில் வைத்துவிட்டு நாங்கள் பத்தடி தள்ளி நிற்போம். அவர் கதவைத் திறந்து எடுப்பார். நாலாம் நாள் காலையில் வைத்த புட்டும் பயறும் மத்தியானமும் அப்படியே இருந்தது. போன் போட்டால் எடுத்தார், "ஒண்ணுமில்ல, அசதியா இருக்கு" என்றார், குரலில் மூச்சுவாங்கலே இல்லை. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியில் பாருங்கள் என்று வற்புறுத்தினோம். 89. கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடியும் பார்க்கச் சொன்னோம், 88. 108-ஐக் கூப்பிட்டுக் கொண்டுபோனார்கள். பிழைத்து வந்தார், பன்னிரண்டு நாள் ஆக்சிஜனில் இருந்துவிட்டு.

கொரோனாவில் ஆக்சிஜன் குறைவது ஆளுக்கே தெரியாமல் நடக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தோம். ஒரு மணி நேரத்தில் மூன்று முறை பார்த்தும் 93 அல்லது அதற்குக் கீழே என்றால் உடனே மருத்துவமனை என்பது அரசு வழிகாட்டல். தனி வீட்டில் இருப்பவருக்கு அந்த எண்ணைக் கேட்க, காலை, மதியம், ராத்திரி என்று போன் செய்ய ஓர் ஆள் பொறுப்பேற்க வேண்டும். அப்படி ஆள் இல்லாவிட்டால் காலி வீடு ஆபத்து. பிள்ளைகளையும் முதியவர்களையும் அங்கே தனியே விடவே கூடாது.

இளைத்தவரை அப்புறப்படுத்துவது

நோயாளியை விட்டுவிட்டு, பாதிக்கப்படக்கூடியவரை வேறிடத்துக்கு அனுப்புவது. அண்ணன் சொன்னது இதைத்தான். பல நேரங்களில் இது நல்ல யோசனை. ஆனால் நாம் முழித்துக்கொள்ளும் நேரத்தில் அவருக்கும் கிருமி போய்ச் சேர்ந்திருக்கலாம். முத்து தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே பையன் பரப்பத் தொடங்கியிருப்பான். அக்காவும் தம்பியும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்த நாட்கள் அவை. சின்னம்மை உடம்புக்குள் 10 முதல் 21 நாள்வரை பதுங்கியிருந்துவிட்டுத் தலைகாட்டும். திங்கள்நகரில் இருக்கும் அவள் மாமியார் வீட்டில் நாத்தனாரின் ஆறு மாதக் குழந்தை. இவள் நல்லபடி போய், இரண்டு வாரம் கழித்து அங்கே அம்மை கண்டால்?

ஆகவே இந்த வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு: போகிற வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் அந்த நோய் ஏற்கெனவே வந்திருக்க வேண்டும், அல்லது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். போனபின் 21 நாள் அவரும் வெளியே கல்யாணம், கோவில் என்று சுற்றக்கூடாது. ஃப்ளூவுக்கு இந்தக் காத்திருப்பு நாலு நாளோடு முடிந்துவிடும், அதற்கு இது எளிது.

கர்ப்பிணியை எங்கே அனுப்புவது என்று யோசிக்கும் முன் அன்றைக்கே டாக்டரிடம் கேட்க வேண்டும். சிறுவயதில் அம்மை வந்திருந்தால் அநேகமாகக் கவலை இல்லை. தெரியவில்லை என்றால் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கப் பரிசோதனை உண்டு. இல்லாதவர்களுக்கு எதிர்ப்புப் புரத ஊசி போடும் வழியும் உண்டு, அது சில நாட்களுக்குள் போட வேண்டியது. கர்ப்ப காலத்தில் சின்னம்மைத் தடுப்பூசி போடக்கூடாது.

ஆஸ்பத்திரி, அரசு மையம்

"வீட்டுல வச்சா சரியாப் பாக்க முடியாது, ஆஸ்பத்திரின்னா சுகமாயிரும்" என்பது நம் ஊரில் ஊறிப்போன நம்பிக்கை. இதை நேருக்கு நேர் சோதித்துப் பார்த்த ஆய்வு நம் மாநிலத்திலேயே நடந்தது. இன்றைக்கு ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் வளாகம் ஒரு காலத்தில் காசநோய் ஆஸ்பத்திரி. காச நோயாளிகளை மாதக்கணக்கில் ஊருக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில், நல்ல சாப்பாட்டோடு படுக்க வைப்பதுதான் அந்நாளைய வைத்தியம். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினர் அப்படிப்பட்ட காசநோய் ஆஸ்பத்திரியான சானடோரியத்தில், மற்றவர்கள் சென்னையின் நெரிசலான ஏழை வீடுகளில். இரு தரப்புக்கும் ஒரே மாத்திரைகள், ஓராண்டு. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆனாலும் 1959-இல் வெளியான முடிவில் குணமானவர்களின் அளவு இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. குடும்பத்தாரை ஐந்து ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. மருந்து தொடங்கியதும் பரவுவது சட்டென்று குறைந்துவிடுவதும், வீட்டாருக்குத் தொற்றுவது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே நடந்து முடிந்துவிடுவதும்தான் காரணம். உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியம் வீட்டுக்குத் திரும்பியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றும் ஒருவருக்குக் காசநோய் என்றதும் திண்ணையில் தனித்தட்டு வைத்து மாதக்கணக்கில் தள்ளி வைக்கிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. சாதாரணக் காசநோய் என்றால் ஒழுங்காக மாத்திரை சாப்பிடும் முதல் சில வாரங்கள் கவனமாக இருந்தால் போதும். அதற்கப்புறம் அவருக்கு வேண்டியது சாப்பாடும் ஆதரவும். மருந்து இலவசம், ஊட்டச்சத்துக்கு மாதம் 1,000 ரூபாயும் அரசு தருகிறது.

ஆனால் அந்த ஆய்வை எல்லா நோய்க்கும் நீட்ட முடியாது. மருந்து போட்டதும் பரவல் நிற்பது காசநோயில். கொரோனாவின் முதல் அலைகளில் அப்படி மருந்து இல்லை. 2011 கணக்குப்படி நம் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கும் மேல், மாநில சராசரியைப் போல இரண்டு மடங்கு. அதிலும் கடற்கரையில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும். 2004 சுனாமிக்கு அப்புறம் கட்டிக்கொடுத்த குடியிருப்புகளில் இரண்டு சின்ன அறையில் ஆறேழு பேர். அங்கே போய் "தனி அறையில் இருங்கள்" என்றால் எந்த அறையில்? அந்த வீடுகளுக்கு 2020-இலும் 2021-இலும் கல்லூரிகளில் நடந்த கோவிட் மையங்கள்தான் சரியான இடம். போன பலர் வீட்டில் இருந்தவர்களைக் காப்பாற்றினார்கள். மையத்தில் குறை உண்டு. பிள்ளைகளைப் பிரிந்திருக்க வேண்டும், ராத்திரி தூக்கம் வராது, பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு மோசமானால் மனசு உடைந்துபோகும். அதையும் தாங்கித்தான் இருந்தார்கள்.

சின்னம்மைப் பையனை, வேறு சிக்கல் இல்லாதபோது, ஆஸ்பத்திரியில் சேர்ப்பது அங்கே புற்றுநோய்க்கோ பிரசவத்துக்கோ வந்திருப்பவருக்கு ஆபத்து. காட்டப் போனாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கூட்டத்தில் உட்கார வைக்காமல் கூட்டிப்போக வேண்டும். மூச்சுத்திணறல், விடாத வாந்தி, நினைவு தடுமாற்றம், குறையாத காய்ச்சல், முத்தைச் சுற்றிச் சிவந்து சீழ் கட்டுவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அதே நேரத்தில் ஆஸ்பத்திரிதான். சந்தேகம் என்றால் 104-இல் கேட்கலாம். பிள்ளைகளுக்கு அம்மைக் காய்ச்சலில் ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கல்லீரலையும் மூளையையும் பாதிக்கக்கூடும்.

கூலி

எந்த வழியானாலும் அதை உடைப்பது ஒன்றுதான். பால் வெட்டுகிறவர் அதிகாலையில் மரத்தடிக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அண்டி ஆபீசில் வரிசையாக உட்கார்ந்து தோல் உரிக்கிற பெண்ணுக்கு உரித்த எடைக்குத்தான் காசு. விசைப்படகில் வாரக்கணக்கில் தங்கல் போகிற தூத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருமுறை கரையில் நின்றால் அந்தத் தங்கல் பங்கே போச்சு. படகில் ஏறினாலோ, பத்துப் பதினைந்து பேர் ஒரே அறையில் படுப்பது. 2020-இல் சில தெருக்களில் தகரம் வைத்து அடைத்தார்கள். அடுத்த வாரம் காய்ச்சல் வந்தவர்கள் வாயே திறக்கவில்லை, பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அரிசியும் மீனும் பால் பாக்கெட்டும் வீட்டு வாசலுக்கு வந்த தெருவில் ஆட்கள் தாங்களாகவே "எனக்கு இருக்கு" என்று சொன்னார்கள். இரண்டு தெருவுக்கும் இடையே தூரம் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை.

அண்ணன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அன்று ராத்திரியே மூத்தவளை டாக்டரிடம் காட்டினோம். அம்மாதான் சொன்னார், அவளுக்கு ஆறு வயதில் அம்மை வந்ததென்று; புருவத்துக்கு மேலே இன்னும் ஒரு குழி இருக்கிறது. உறுதிப்படுத்த ரத்தமும் பார்த்தார்கள், எதிர்ப்புச் சக்தி இருந்தது. ஆக, அவள் எங்கேயும் போக வேண்டியதில்லை. அம்மாவுக்கும் சின்ன வயதில் வந்திருக்கிறது. அண்ணனுக்கும். பிற்பாடு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்து மைனியிடம் நின்றோம். "எனக்கு வந்ததே இல்லியே" என்றார். அதற்குள் சாய்ப்பில் பையனுக்கு வேப்பிலை போட்டு, கஞ்சி கொடுத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து ஆறு நாள் ஆகியிருந்தது. மூன்று நாளுக்குள், போகட்டும் ஐந்து நாளுக்குள், தடுப்பூசி போட்டிருந்தால் தப்பித்திருக்க வாய்ப்பு உண்டு. அரசு அட்டவணையில் இல்லாத ஊசி, தனியாரில் காசு கொடுத்துப் போட வேண்டியது, ஆனாலும் போட்டிருப்போம். எல்லாரும் கர்ப்பிணியையே பார்த்தோம், கஞ்சி கொண்டுபோகிறவரை ஒருவரும் கேட்கவில்லை. இது எனக்கு இன்றும் வருத்தம்.

அன்றிலிருந்து அண்ணன் வெட்டுக்குப் போகாமல் சாய்ப்பைப் பார்த்துக்கொண்டார். தோட்டத்துக்காரர் வேறு ஆளை வைத்தார், நாங்கள் கூடப்பிறந்தவர்கள் அந்த நாட்களின் கூலியைப் பகிர்ந்துகொண்டோம். எட்டாம் நாள் பையனுக்குக் கடைசி முத்தும் காய்ந்தது. மைனி அடுக்களை நாட்காட்டியில் தினம் ஒரு கோடு போட்டுவந்தார், 21 வரை எண்ண வேண்டும் என்று. அண்டி ஆபீசுக்கும் போகவில்லை. பதினாறாம் கோட்டன்று கழுத்தில் இரண்டு முத்து. அன்றே டாக்டரிடம் போனதால் வைரஸ் மாத்திரை நேரத்தோடு கிடைத்தது.

நான் பார்க்கப் போனபோது சாய்ப்பு ஜன்னல் திறந்திருந்தது, விசிறி விளையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. பையன் கஞ்சிச் சட்டியையும் பயறையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். நான் படியேறப் போனதும் அங்கிருந்தே கேட்டான், "சித்தப்பா, உங்களுக்கு வந்திருக்கா?"